எண்பது சுற்று

எங்கள் மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். பெரியவருக்கு மூன்று செல் பேட்டரிதான் உயிர். சின்னவனான நான் இரண்டு செல். குடும்பத்தில் இதைவிடப் பெரிய தகராறுகள் இருந்திருக்கின்றன, ஆனால் எதுவும் நாலு வருடம் நீடித்ததில்லை.

விவரம் தெரியாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். நாங்கள் ஓட்டுவது ரிமோட் வண்டி. சர்ரென்று பறக்கும் ரேஸ் கார் என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கை நீளத்தில் ஒரு ட்ரக், பாறை ஏறுவதற்கென்றே செய்தது. ஒரு சக்கரம் கல்லைப் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, அது பிடித்ததும் அடுத்த சக்கரத்தை நகர்த்தி, நத்தைக்கு அண்ணன் மாதிரி போகும். பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குச்சியாக நட்டிருப்பார்கள். அந்தக் குச்சிகளுக்கு நடுவே வண்டியை விட வேண்டும். குச்சியைத் தொட்டால் தண்டனைப் புள்ளி, வண்டியைப் பின்னோக்கி எடுத்தால் புள்ளி, கவிழ்ந்து கையால் எடுத்து வைத்தால் ஏகப்பட்ட புள்ளி. கடைசியில் யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர் முதல்.

பேட்டரியில் ஒரு செல்லுக்கு மூன்றே முக்கால் வோல்ட் போல வரும். இரண்டு செல் என்றால் ஏழரைக்குக் கொஞ்சம் கீழே, மூன்று செல் என்றால் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு செல் போட்டால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். மூன்று செல் போட்டால் சொல்வதற்கு முன்பே கேட்கும். செங்குத்தான ஏற்றத்தில் அந்தக் கூடுதல் வேகம் கைகொடுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் ரிமோட்டின் விசையில் விரலை ஒரு நூல் அதிகம் நகர்த்தினாலும் வண்டி ஒரு சாண் பாய்ந்து குச்சியில் முட்டும். மூன்று செல் ஓட்ட ஒரு கை வேண்டும்.

என் சகலைக்கு அந்தக் கை இருந்தது. பதினெட்டு வருடமாக டவர் கிரேன் ஓட்டுபவர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு டன் கம்பிக் கட்டைத் தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவதுபோல இறக்கி வைப்பார். அந்தத் திறமையை அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கும் கொண்டுவருவார்.

"மூணு செல் ஓட்டத் தெரியாதவங்கதான் ரெண்டு செல்லுக்குப் போவாங்க, சகலை. சைக்கிள்ல பின்னாடி ரெண்டு குட்டிச் சக்கரம் மாட்டிக்கிற மாதிரி."

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். எனக்கும் சகலைக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம், மரியாதையில் இருபது வருடம் இருக்கும். அவர் வந்து உட்கார்ந்தால் மாமியார் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைப்பார். அந்த ஃபேன் எரிந்துபோனபோது அதற்குக் காயில் கட்டிக்கொடுத்தவன் நான்.

ஆமாம், என் தொழில் அதுதான். மோட்டாருக்குக் காயில் கட்டுவது. பம்பு, மிக்ஸி, டிரில் மெஷின், எது கருகினாலும் என் கடைக்கு வரும். எங்கள் கூட்டத்தில் இருக்கும் ரிமோட் வண்டிகளில் பாதிக்கு மோட்டார் நான் கட்டியது. என் கைவேலையை யாரும் திறந்து பார்த்துச் சரிபார்த்தது கிடையாது.

போட்டி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே கல் அறுக்கும் பட்டறையின் பின்புறத்தில் நடக்கும். கழித்துப் போட்ட பாளங்களும் உடைந்த பாறைகளும் அங்கே மலையாகக் கிடக்கும். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு கரும்பலகை. போட்டியை நடத்துபவர் மருந்துக்கடைக்காரர், சட்டத்தில் கறாரானவர். காலையில் எல்லா ரிமோட்டையும் வாங்கி, வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி எதையும் யாராவது போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எத்தனை செல் என்று உரக்கக் கேட்பார். உரக்கப் பதில் சொல்ல வேண்டும். சாக்பீஸால் பலகையில் எழுதிவிட்டால் அன்று முழுக்க அந்த வோல்டேஜ்தான், மாற்ற முடியாது. பலகையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சகலை 'கிரேன்', நான் 'காயில்'. சகலையின் கிரேனுக்குக் கீழே நின்று சுமையை எங்கே இறக்குவது என்று கை காட்டும் சிக்னல்காரரும் எங்களோடு ஓட்டுகிறார், அவர் 'விசில்'. சகலையின் முதல் சீடர் அவர். அண்ணன் மூன்று செல் என்றால் அவரும் மூன்று செல்.

நாலு வருடத்தில் சகலை தோற்றது இரண்டு தடவை, அதுவும் மழையால். நான் இரண்டாவதாக வந்து வந்து அந்த இடம் எனக்குப் பழகிவிட்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சகலை என் கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருவதே அபூர்வம், வேலை நாளில் வந்ததே இல்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இடது கையால் மேஜைமேல் வைத்தார். உள்ளே அவருடைய வண்டியின் மோட்டார்.

"இதுல எத்தனை சுத்து இருக்கு?"

"முப்பத்தஞ்சு. நான் கட்டினதுதானே."

"எண்பது கட்டிக் குடுங்க."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மோட்டாருக்குள் கம்பிச் சுற்று கூடக் கூட அது நிதானமாகும். எண்பது சுற்று கட்டி மூன்று செல் பேட்டரியைப் போட்டால், முப்பத்தைந்து சுற்றும் இரண்டு செல்லும் உள்ள என் வண்டியைவிட மெதுவாகப் போகும். சுருதி ஏறிய பாட்டுக்காரர் திடீரென்று தாலாட்டு கேட்டு வந்து நின்றது போலிருந்தது.

"அதுக்குப் பேசாம ரெண்டு செல் போட்டுக்கலாமே, சகலை?"

"செல்லு மூணுதான். அதுல மாத்தம் இல்ல."

"கடைசி ஏத்தத்துல மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும்."

"எதுக்கு இது?"

"காரணம் சொன்னாத்தான் கட்டுவீங்களா?"

இதைச் சொல்லும்போது வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடியே நின்றார். வந்ததிலிருந்து வெளியே எடுக்கவில்லை. பெரிய மாப்பிள்ளைத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். டீ சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்.

"சனிக்கிழமை வரைக்கும் எனக்கு ஷிப்ட். ஞாயித்துக்கிழமை காலைல நேரா அங்க கொண்டு வந்துடுங்க. யாருகிட்டயும் சொல்ல வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. முந்தின மாதம் மருந்துக்கடைக்காரர் பாறைகளையெல்லாம் புரட்டிப் புதிதாக அடுக்கியிருந்தார். சகலை எதையோ கண்டுபிடித்துவிட்டார், நான்காவது குச்சியிலோ ஆறாவது குச்சியிலோ மெதுவாகப் போகிறவனுக்குத்தான் வழி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பலகையில் மூன்று என்று எழுதவைத்து எங்களையெல்லாம் ஏமாற்றப் பார்க்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். அதற்கு என் கையாலேயே ஆயுதம் செய்து தரச் சொல்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னேன்.

"கேட்டதைக் கட்டிக் குடுத்துட்டுப் போங்களேன்," என்றாள். "பொம்மை வண்டிக்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க. பாவம், அக்கா வீட்டு மாமாவுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. இப்பல்லாம் டம்ளர்ல பாதிதான் டீ ஊத்தச் சொல்றாராம். அக்கா சொல்லுச்சு."

"வயித்துல புண்ணா இருக்கும்," என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன். அவ்வளவு பெரிய விஷயம் என் காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் மோட்டாரின் பின்மூடியைத் திறந்தேன். முப்பத்தைந்து சுற்று, நான் கட்டியதுதான், இன்னும் அழகாக இருந்தது. அதைப் பிரிக்கவில்லை. கார்பன் பிரஷ் மட்டும் புதிதாகப் போட்டு, மூடி, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதில் எண்பது என்று எழுதினேன். மோட்டாரின் உடம்பில் காற்றுப் போக ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் கம்பியின் கனம் தெரியும், எண்பது சுற்றுக்கு மயிர்க் கனத்தில்தான் கம்பி இருக்க முடியும். அவர் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அது என்ன புத்தி என்று கேட்டால், நாலு வருடம் இரண்டாவதாக வந்தவனின் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல், "நீங்களே மாட்டிடுங்க, சகலை," என்றார். தன் வண்டியைப் பிறர் தொட அவர் விட்டதே இல்லை. என் முகத்தில் குற்றம் எதுவும் தெரிந்துவிடக் கூடாதே என்ற கவலையில் நான் குனிந்து திருகை முடுக்கிக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிரேன்! எத்தனை செல்?"

"மூணு."

"அதானே!" என்று விசில் கை தட்டினார். "எங்க அண்ணன் மாறுவாரா?"

நான் முன்னதாகவே ஓடி முடித்துவிட்டேன். பதினொரு தண்டனைப் புள்ளி, எனக்கு நல்ல கணக்குதான். பிறகு சகலை வந்தார். முதல் இரண்டு ஜோடிக் குச்சிகள் இருந்த இடம் சமதளம் மாதிரி, எப்படியோ கடந்தார். மூன்றாவதில் வண்டி திடீரென்று முன்னால் குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. நான்காவது குச்சி ஒரு சாய்ந்த பாளத்தின்மேல் இருந்தது. அங்கே போனதும் வண்டி முன்னும் பின்னும் விதிர்விதிர்க்க ஆரம்பித்தது, சளி பிடித்த எஞ்சின் மாதிரி.

"அண்ணன் டான்ஸ் ஆட விடுறாரு!" என்று விசில் கத்தினார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்தவன் நான்.

அப்புறம்தான் வண்டியை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். ரிமோட்டைப் பிடித்த வலது கையின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். விசையின்மேல் இருந்த ஆள்காட்டி விரல் தையல் மெஷின் ஊசி போல அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தப் பார்க்கிறார், அது நிற்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. பாதி டம்ளர் டீ அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

விசிலும் பார்த்துவிட்டார். வாயில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாரத்தில் ஆறு நாள் அந்த விரலுக்குக் கீழே நிற்கிற ஆள் அவர்.

வண்டி பாளத்திலிருந்து பக்கவாட்டில் சரிந்து மல்லாந்தது. மருந்துக்கடைக்காரர், "கையால எடுத்து வைக்கிறீங்களா, கிரேன்?" என்றார்.

"வேணாம். போதும்." சகலை ரிமோட்டை அணைத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல. காயில் நல்லாத்தான் கட்டியிருக்காரு. எனக்குத்தான் இன்னைக்குச் சரியில்ல," என்றார்.

அன்று நான் முதல். மருந்துக்கடைக்காரர் பலகையில் என் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார்.

சகலை கொட்டகைக்குப் பின்னால் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

"ஏழு மாசமா இருக்கு. முதல்ல சுண்டு விரல்தான். தூக்கம் பத்தலைன்னு நினைச்சேன்."

"டாக்டர்?"

"போனா, கிரேன் ஏறக் கூடாதுன்னு எழுதிடுவாங்களே. போன மாசம் கான்கிரீட் தொட்டி சாரத்துல இடிச்சுதுன்னு சொன்னேன்ல. காத்து அடிச்சுதுன்னு."

"ஆமா."

"காத்து இல்ல, சகலை. இலை கூட ஆடல அன்னைக்கு. விசில் கீழதான் நின்னாரு. ரெண்டு அடி தள்ளி."

அவர் சொன்னது முழுவதும் இதுதான். பலகையில் இரண்டு செல் என்று எழுதினால் அந்த நிமிடமே விசிலுக்குப் புரிந்துவிடும், அதனால் செல் மூன்றுதான். உள்ளே எண்பது சுற்று இருந்தால் வெளியே தெரியாது. அதோடு தனக்குத் தானே ஒரு பரீட்சையும் வைத்துக்கொண்டார். எண்பது சுற்றில் வண்டியை ஒழுங்காக ஓட்டிவிட்டால் இது சின்ன நடுக்கம், அடுத்த மருத்துவப் பரிசோதனை வரும்வரை கிரேன் ஏறலாம். ஓட்ட முடியாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

"எண்பதுலயே இந்த ஆட்டம் ஆடுதுன்னா," என்றார், "நான் நினைச்சதைவிட ரொம்ப முத்திடுச்சு. முப்பத்தஞ்சுன்னா சரி, மனசைத் தேத்திக்கலாம். எண்பது, சகலை. எண்பதுல ஆடுது."

உண்மை என் தொண்டைவரை வந்தது. அது முப்பத்தைந்துதான், உங்கள் கை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவர் முகம் மலரும். மலர்ந்தால் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேலே ஏறிவிடுவார். சொல்லாமல் விட்டால், ஒரு மனிதரின் பதினெட்டு வருட வேலையை ஒரு பொய் ஸ்டிக்கரால் பிடுங்கினவன் ஆவேன். எதிரே குழாயடியில் விசில் வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். குனிந்த அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் நல்ல எண்ணம் பாதி, மாட்டிக்கொள்வேன் என்ற பயம் பாதி.

சகலை போனை எடுத்தார். "சூப்பர்வைசருக்குப் போடணும்." கட்டைவிரல் எண்களின்மேல் தடுமாறியது. ஒரு தடவை தவறுதலாக வீட்டுக்கே அடித்து, அவர் மனைவி ஹலோ சொல்வதற்குள் துண்டித்தார். மூன்றாவது தடவையும் தப்பாகப் போனதும் போனை என்னிடம் நீட்டினார். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன்.

"நாளைக்கு மேல வேற ஆளைப் போட்டுக்கோங்க," என்றார் போனில். "இல்ல, லீவு இல்ல. இனிமே."

டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். குறையும், போகாது என்றார். வேலையிடத்தில் நல்ல மனிதர்கள்தான், அவரைக் கீழே ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கொக்கியும் கயிறும் எத்தனை போயின, எத்தனை திரும்பின என்று எண்ணும் வேலை. புது ஆள் சுமை தூக்குவதை அண்ணாந்து பார்க்கவே முடியவில்லை என்பாராம். வீட்டில் வேறெதுவும் பேசுவதில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் அழுதாள். நான் இரண்டு மாதம் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. கடையில் வேலை என்று சொல்லிக்கொண்டேன். போட்டிக்கும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கடை திறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, சகலை வண்டியும் பையுமாக வந்து நின்றார். மோட்டாரைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை வலது கையால்.

"துவாரம் வழியாப் பாருங்க."

நான் பார்க்கவில்லை.

"எண்பது சுத்துக் கம்பி மயிர் மாதிரி இருக்கும்னு நீங்கதான் ஒரு தடவை சொன்னீங்க. நேத்து சும்மா துடைச்சிட்டு இருந்தேன். உள்ள கம்பி தடி நூல் கனத்துல இருக்கு. இது எத்தனை சுத்து?"

"முப்பத்தஞ்சு."

"பிரிக்கவே இல்ல."

"இல்ல."

"ஏன்?"

"பொறாமை," என்றேன். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவர் மேஜையில் ஓங்கி அடித்தார். திருகுகளும் வாஷர்களும் சிதறித் தரையெங்கும் ஓடின. "பதினெட்டு வருஷம், சகலை!" என்றார். குரல் உடைந்துவிட்டது. கதவருகே டிரில் மெஷினோடு வந்த ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இப்பக் கட்டுங்க," என்றார். "என் கண்ணு முன்னாடி. எண்பது."

பழைய கம்பியை அறுத்து எடுத்தேன். மெல்லிய கம்பியை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதிக்கு மூன்று பல், ஒவ்வொன்றுக்கும் எண்பது சுற்று. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்பது வந்ததும் அடுத்த பல்லுக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் எனக்குக் கை வலித்து நின்றால் அவரும் நிறுத்துவார். நான் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து எண்ணுவார். இருநூற்று நாற்பது சுற்றும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. வார்னிஷ் காயும்வரை பொறுக்க இருவருக்கும் முடியவில்லை, அப்படியே மூடி வண்டியில் மாட்டினேன்.

செத்துப்போன பம்பு மோட்டார்களின் கூடுகள் என் கடை வாசலில் எப்போதும் கிடக்கும். ஏழெட்டை அடுக்கிச் சரிவாக ஒரு மேடு செய்தேன். அவர் மூன்று செல் பேட்டரியைச் செருகி, ரிமோட்டை எடுத்தார்.

வண்டி போயிற்று. முன் சக்கரம் முதல் கூட்டைத் தொட்டது, யோசித்தது, ஏறியது. ஒரு விதிர்ப்பு இல்லை, ஒரு குதிப்பு இல்லை. வழுக்கும் வார்ப்பிரும்பின்மேல் அங்குலம் அங்குலமாக ஏறி, உச்சியில் போய் அசையாமல் நின்றது. நாலு வருடத்தில் அவர் வண்டி இவ்வளவு சுத்தமாகப் போய் நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு இப்படி ஓடியிருந்தா," என்றார் சகலை மெல்ல, "திங்கக்கிழமை நான் மேல ஏறியிருப்பேன்."

"ஆமா."

"சந்தோஷமா ஏறியிருப்பேன்."

அவர் வண்டியைப் பார்க்கவில்லை. விசையிலிருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரைக்குப் பிறகும் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. உச்சியில் வண்டி சிலை மாதிரி நின்றது.

"வண்டிக்கு நீங்க கட்டிட்டீங்க. கிரேனுக்கு யாரு கட்டுவா?" என்றார்.

அவர் வண்டியை இறக்கிப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுக்கச் சிரமப்பட்டார், நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டுத் தானே இழுத்தார்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"இல்ல."

"வீட்ல யாருகிட்டயும் சொல்ல வேணாம். அப்புறம் மாமனார் வீட்ல ஃபேனை உங்க பக்கம் திருப்ப மாட்டாங்க."

"இப்ப மட்டும் திருப்புறாங்களா?"

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு வந்துடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாதக் கடைசி ஞாயிறு. கொட்டகையில் பழைய கூட்டமே இருந்தது. விசில் எழுந்து சகலைக்கு இடம் விட்டார். மருந்துக்கடைக்காரர் ரிமோட்டுகளைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். "கிரேன்," என்று கூப்பிட்டவர், கேட்காமலே மூன்று என்று எழுதிவிட்டார்.

"அழிச்சிட்டு ரெண்டு போடுங்க," என்றார் சகலை.

மருந்துக்கடைக்காரர் திரும்பினார். "எத்தனை?"

சகலை எழுந்து நின்றார். ரிமோட் வலது கையில் இருந்தது. அதை மறைக்கவில்லை, இன்னொரு கையால் பிடிக்கவும் இல்லை. எல்லோரும் பார்க்க அது ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்றார், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "கை நடுங்குது. மூணு செல் இனிமே எனக்கு ஆகாது."

உள்ளே எண்பது சுற்று இருக்கும்போது மூன்று என்றே சொல்லி அவர் மறைத்திருக்கலாம். நாலு வருடமாக அவர் வாயிலிருந்து அந்த எண் வரவேண்டும் என்றுதான் காத்திருந்தேன். வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் மூன்றைத் துடைத்துவிட்டு இரண்டு என்று எழுதினார். அடுத்து, "காயில்! எத்தனை செல்?" என்று கூப்பிட்டார். நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன். முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் கண்ணீர் நிற்கவில்லை.